அம்பை எண்ணினால் வில் அடங்கிவிடுமா?

கேள்வி: சிறு குழுவாக ஓர் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும்) கேம் செய்துகொண்டிருக்கிறோம். வில்லை எடுத்தவர்கள் வாள்காரர்களைவிட வெகு சுலபமாக முடித்துவிடுகிறார்கள். அதனால் அம்பின் விலையை ஏற்றினோம். 20 அம்புக்கு மேல் கையில் வைக்க முடியாது என்றும் ஆக்கினோம். இப்போது ஆடிப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் வில்லைத் தொடுவதே இல்லை. மீதிப் பேர் பழையபடி அடித்து நொறுக்குகிறார்கள். வேறு என்ன செய்யலாம்?

பதில்:

இரண்டு கூட்டமும் ஒரே காரணத்தால்தான் உருவாகியிருக்கிறது. நீங்கள் வைத்த விலை கடையில் இருக்கிறது, வில்லின் பலமோ களத்தில் இருக்கிறது. அம்பு விலையை ஏற்றினால் அது உறைப்பது கையில் காசில்லாத ஆரம்பக்கட்ட ஆட்டக்காரருக்கு மட்டும்தான். பாதி கேம் முடித்துப் பணம் சேர்த்துவிட்டவர் இருமடங்கு விலை சொன்னாலும் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். வில் நோஞ்சானாக இருக்கும் கட்டத்தில் தண்டனை, கொழுத்திருக்கும் கட்டத்தில் சலுகை. நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

எனவே அம்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வில் ஏன் பலமாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஓர் அம்பின் டேமேஜ், அதாவது எதிரியின் உயிரில் அது குறைக்கும் அளவு, எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம். அடி வாங்காமல் அடிக்கக் கிடைக்கும் நேரம்தான் வில்லின் சொத்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிரி 30 மீட்டர் தள்ளி இருக்கிறான், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறான். உங்களிடம் வந்து சேர 6 விநாடி. ஓர் அம்பு விட 1.5 விநாடி என்றால் 4 அம்புகள் இலவசம். எதிரியின் உயிர் 100, அம்பின் டேமேஜ் 25 என்றால் அவன் உங்கள் காலடிக்கு வந்து செத்து விழுவான். வாள்காரர் அதே எதிரியிடம் இரண்டு மூன்று வெட்டாவது வாங்கித்தான் தீர வேண்டும். இப்போது எதிரியின் வேகத்தை மட்டும் விநாடிக்கு 8 மீட்டராக மாற்றுங்கள். 3.75 விநாடியில் வந்துவிடுவான், இலவச அம்பு இரண்டாகக் குறைந்துவிடும். டேமேஜையும் தொடவில்லை, அம்பு விலையையும் தொடவில்லை, வில்லின் பலம் பாதியாகிவிட்டது.

இதில் இன்னொரு ஓட்டை உண்டு, பல கேம்களில் உண்மையான குற்றவாளி அதுதான். வில்லாளி பின்னால் ஓடிக்கொண்டே எய்ய முடிகிறதா? அவருடைய வேகமும் எதிரியின் வேகமும் ஒன்றாக இருந்தால் அந்த 6 விநாடி முடிவதே இல்லை. இதை ஆட்டக்காரர்கள் கைட்டிங் என்பார்கள். நாண் இழுத்திருக்கும்போது நடை வேகம் பாதியாகக் குறையட்டும், எய்த பிறகு கால் நொடியாவது நின்ற இடத்தில் நிற்கட்டும். இந்த ஒரு மாற்றம் செய்யும் வேலையைப் பத்து மடங்கு அம்பு விலை செய்யாது. அப்படியே, எதிரி ஏற முடியாத பாறைமேல் நின்று எய்யும் வித்தையையும் கவனியுங்கள். எட்ட முடியாது என்று தெரிந்ததும் எதிரி ஓடி மறைந்துகொள்ள வேண்டும். திறந்த வெளியில் மாடு மாதிரி நின்று அம்பு வாங்கிக்கொண்டிருந்தால் எந்தச் சமநிலையும் நிற்காது.

பழைய கேம்கள் இந்தத் தூரப் பிரச்சினையை நேரடியாகவே கையாண்டன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க காலத்தில் ஹன்டர் என்ற, தூரத்திலிருந்து தாக்கும் பாத்திர வகைக்கு 8 கெஜத்துக்குள் வந்துவிட்ட எதிரிமேல் எய்ய முடியாது, கைச்சண்டை ஆயுதமோ 5 கெஜத்துக்குள்தான் எட்டும். நடுவில் இருந்த அந்த 3 கெஜத்தில் ஹன்டரின் வழக்கமான தாக்குதல் எதுவும் வேலை செய்யாது. எரிச்சலூட்டும் விதிதான், ஆனால் விலையைச் சரியான இடத்தில் வைத்த விதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு இதையே மென்மையாகச் செய்கிறது: 5 அடிக்குள் எதிரி நின்றால் எய்யலாம், ஆனால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வேன். "முடியாது" என்று கதவைச் சாத்துவதைவிட "முடியும், ஆனால் நஷ்டம்" என்பது ஆட்டக்காரரை யோசிக்க வைக்கும்.

தூரம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு 2011இல் வந்த ஸ்கைரிமைவிட நல்ல சாட்சி கிடையாது. அதில் ஒளிந்திருந்து கத்தியால் குத்தினால், உரிய திறனை எடுத்திருந்தால், 15 மடங்கு டேமேஜ். ஒளிந்திருந்து வில்லால் எய்தால் இரண்டு மடங்கு, திறன் எடுத்த பிறகு மூன்று. காகிதத்தில் பார்த்தால் வில்லை யாரும் தொடக் கூடாது. நடந்தது என்ன? எந்தப் பாத்திரமாகத் தொடங்கினாலும் கடைசியில் எல்லோரும் மறைந்திருந்து எய்யும் வில்லாளியாகத்தான் முடிகிறார்கள் என்பது உலகம் முழுக்க ஓடும் மீம் ஆகிவிட்டது. கத்திக்குப் பக்கத்தில் போக வேண்டும், மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. வில்லுக்கு அது இல்லை. எய்து, தவறினாலும் இருட்டில் கொஞ்ச நேரம் பதுங்கியிருந்தால் எதிரி தேடிச் சலித்துப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவான். அந்த கேமில் அம்புகள் எண்ணப்படுகின்றன, கடையில் விற்கப்படுகின்றன, எல்லாம் சரி. ஆனால் மூலப் பதிப்பில் அவற்றுக்கு எடையே கிடையாது, செத்தவன் உடம்பிலிருந்து திரும்பவும் எடுக்கலாம். செலவு என்று பெயருக்கு ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் திரும்ப எடுக்கும் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழும் இடம் இது. எய்த அம்பில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்று வைத்தால், கையில் இருப்பது எத்தனை அம்பு என்பதல்ல கேள்வி, மொத்தம் எத்தனை தடவை எய்யலாம் என்பதுதான். 20 அம்பு, பாதி திரும்பும் என்றால் 20, பிறகு 10, பிறகு 5 என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் சுமார் 40 எய்தல். முக்கால்வாசி திரும்பினால் 80. நூற்றுக்கு 90 திரும்பினால் 200. கவனியுங்கள், 75இலிருந்து 90க்கு ஏற்றுவது பார்வைக்குச் சின்ன தாராளம்தான், ஆனால் அம்பறாத்தூணி இரண்டரை மடங்கு பெருத்துவிடுகிறது. ஸ்கைரிமில் அடிப்படை வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதை இருமடங்காக்கும் ஒரு திறன் இருக்கிறது. எதிரிமேல் தைத்த அம்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 20 அம்பு 30 எய்தலாக இருந்தது அந்த ஒரு திறனால் 60 ஆகிவிடும். திரும்பக் கிடைக்கும் விகிதத்தைக் கூட்டும் திறனோ மோதிரமோ உங்கள் கேமில் இருந்தால், அது டேமேஜை ஏற்றும் மோதிரத்தைவிட ஆபத்தானது. இரண்டை ஒன்றாகப் போட்டுக்கொண்டால் விகிதம் 100ஐத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் அம்பு என்பதே வெறும் அலங்காரம்.

உங்கள் 20 அம்பு வரம்பையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஓர் எதிரிக்கு 4 அம்பு தேவை, பாதி திரும்பும் என்றால் 20 அம்புக்கு 10 எதிரிகள். உங்கள் குகையில் 12 எதிரிகளும் கடைசியில் ஒரு பாஸும் (பெரிய எதிரி) இருந்தால், வில்லாளி பாஸ் அறைக்கு வெறுங்கையோடு போய் நிற்பார். முன்னால் உள்ள அறைகளில் வில் அதே பலத்தோடுதான் இருந்திருக்கும், கடைசி அறையில் ஆளே காலி. வில்லைத் தொடாமல் போன அந்தப் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வெறுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மற்றப் பாதி கடையில் விற்க வைத்திருந்த வேறு வகை அம்புகளையும் 20, 20 ஆக வாங்கி அடுக்கியிருக்கும். வரம்பு மொத்தத்துக்கா, வகைக்கா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எய்வதற்கு விலை வைக்கத்தான் வேண்டும் என்றால் எதில் வைப்பது? என் கருத்து: சாதாரண அம்புக்கு அந்தக் கணத்தில் வலிக்கும் விலை, விசேஷ அம்புக்குக் கையிருப்பில் விலை. இரண்டையும் ஒரே தட்டில் போடாதீர்கள்.

சாதாரண அம்பைத் தீராததாக்கிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ், பால்டர்ஸ் கேட் 3 இரண்டிலும் சாதாரண அம்பு தீராது, நெருப்பு அம்பு போன்ற விசேஷங்கள்தான் எண்ணிக்கைக்கு வரும். தி விட்சர் 3இல் குறுக்கு வில்லின் சாதாரணக் கணைகளும் தீராதவை. அதற்குப் பதில் அந்த ஆயுதத்தின் பலமே குறைவு. பறக்கும் பிராணியைக் கீழே தள்ளவும், தண்ணீருக்கடியில் அடிக்கவும்தான் அது. வார்கிராஃப்டின் கதையும் இங்கே பொருந்தும். ஹன்டர்கள் பல வருடங்கள் அம்பும் குண்டும் வாங்கிச் சுமந்தார்கள், ஒரு பை இடத்தையே அம்பறாத்தூணிக்குக் கொடுத்தார்கள், கூட்டமாகப் போன இடத்தில் அம்பு தீர்ந்து முழித்தார்கள். 2010இல் கேட்டக்ளிசம் என்ற விரிவாக்கத்தின் மாற்றங்களோடு அம்புக் கணக்கை எடுத்துவிட்டு, மானாவுக்கு (மந்திர சக்தி) பதிலாக ஃபோகஸ் என்ற தானாக ஊறும் வளத்தைக் கொடுத்தார்கள். முன்பு இருந்தது ஒரு வரி. கட்டினால் சரி, மறந்தால் அபராதம். அதில் சண்டைக்குள் எடுக்க வேண்டிய முடிவு என்று எதுவுமே இல்லை. டையாப்லோவும் அதே பாதையில்தான் வந்தது: இரண்டாம் பாகத்தில் அம்பு எண்ணப்பட்டது, மூன்றாம் பாகத்தில் அம்பறாத்தூணி வெறும் பலம் கூட்டும் பொருளாக மாறிவிட்டது. அதன் டீமன் ஹன்டருக்குத் தாக்க ஒரு வளம், தப்பிக்க இன்னொரு வளம் என்று இரண்டு தனித்தனிக் குடுவைகள்.

அந்த இரண்டு குடுவை ஏற்பாடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிறு குழுவுக்கு நான் ஒரே குடுவையைத்தான் சொல்வேன், மான்ஸ்டர் ஹன்டர் செய்வதுபோல. அங்கே அம்பு தீராது. நாணை இழுத்துப் பிடித்தால் ஸ்டாமினா (உடல் தெம்பு) கரையும், உருண்டு தப்பிப்பதற்கும் அதே ஸ்டாமினாதான். விஷம், உறக்கம் போன்ற பூச்சுகள் மட்டும் எண்ணிக்கைக்கு வரும். உங்கள் கேமில் இப்படி வைத்துப் பாருங்கள்: மொத்தம் 100 ஸ்டாமினா, நாணை இழுக்க 20, பிடித்திருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் 10, ஓர் உருளலுக்கு 30. இழுத்து இரண்டு விநாடி நிதானமாகத் தலைக்குக் குறி பார்த்து எய்தால் 40 போய்விடும். மீதி 60, இரண்டு முறை தப்பிக்கலாம். பேராசைப்பட்டு அதே மாதிரி உடனே இன்னொன்று எய்தால் மீதி 20. எதிரி பாய்கிறான், உருள முடியாது. இந்த இடத்தில் ஆட்டக்காரர் தன்னைத்தான் திட்டிக்கொள்வார், கேமைத் திட்டமாட்டார். அவசரமாக இழுத்து உடனே விட்டால் 20தான் செலவு, ஆனால் டேமேஜ் குறைவு, குறியும் பிசகும். எய்வதற்கு எத்தனை விதம் உண்டோ அத்தனைக்கும் ஒரு விலை கிடைத்துவிட்டது. முக்கியமாக, பணக்காரர் ஏழை வித்தியாசம் இதில் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஸ்டாமினா எய்த உடனே ஊறத் தொடங்கக் கூடாது, ஒரு விநாடியாவது கழித்துத்தான். இல்லாவிட்டால் மேலே சொன்ன நெருக்கடி வரவே வராது.

இதைச் செய்வதற்கு முன் மற்றப் பாத்திர வகைகள் என்ன விலை கொடுக்கின்றன என்று பார்ப்பது அவசியம். வாள்காரர் ஒரு சண்டையில் 30 உயிர் இழக்கிறார், 60 உயிர் தரும் மருந்துக் குப்பி 20 காசு என்றால் அவருடைய சண்டைச் செலவு 10 காசு. வில்லாளி 8 அம்பு எய்து 4 இழக்கிறார், அம்பு ஒரு காசு என்றால் செலவு 4. இங்கே அம்பு இரண்டரை காசுக்குப் போனால் சரிக்குச் சரி. ஆனால் உங்கள் கேமில் சண்டை முடிந்ததும் உயிர் தானாக ஏறிவிடுமானால் வாள்காரரின் செலவு பூஜ்யம், மந்திரவாதியின் மானாவும் தானாக ஊறினால் அவருக்கும் பூஜ்யம். அப்போது வில்லாளியிடம் மட்டும் காசு கேட்பது அநியாயம். மூன்று பேரில் ஒருவர் மட்டும் கடைக்குப் போக வேண்டிய கேமில் அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள்.

விசேஷ அம்புகளுக்கு வருவோம். இங்கே கையிருப்பு விலை நன்றாக வேலை செய்யும், ஆனால் அதைக் கெடுப்பது பதுக்கல். "பாஸுக்கு வேண்டும்" என்று சேர்த்து வைத்து, பாஸிடமும் பயன்படுத்தாமல், கடைசித் திரை வரும்போது 63 நெருப்பு அம்பு கையில் இருக்கும். இதற்கு மருந்து சிறிய வரம்பும் அடிக்கடி நிரப்புதலும். 99 வைத்துக்கொள்ள விட்டால் பதுக்குவார்கள். 6 மட்டும் வைத்து, ஓய்விடத்தில் தானாக நிரம்பும் என்றால் செலவழிப்பார்கள், ஏனென்றால் ஓய்விடத்துக்கு நிறையக் கையோடு போவதுதான் நஷ்டம்.

இன்னொரு வழி, அம்பையும் வேறு தேவையையும் ஒரே பொருளில் கட்டிப்போடுவது. 1986இல் வந்த முதல் தி லெஜெண்ட் ஆஃப் செல்டாவில் அம்பு என்று தனி எண்ணிக்கையே கிடையாது. அம்பை 80 ரூபிக்கு (அந்த கேமின் காசு) ஒருமுறை வாங்க வேண்டும், அதன்பின் எய்யும் ஒவ்வொரு தடவையும் பணப்பையிலிருந்து ஒரு ரூபி போகும். பையின் கொள்ளளவு 255. மருந்தும் கேடயமும் அதே பையிலிருந்துதான். எவ்வளவு சிக்கனமான வடிவமைப்பு! 2017இல் வந்த ஹொரைசன் ஜீரோ டானில் இதன் வாரிசைப் பார்க்கலாம். அம்பு செய்ய மரமும் உலோகத் துண்டும் வேண்டும், அந்த உலோகத் துண்டுதான் கடையில் செல்லும் பணமும். சண்டை நடுவிலேயே ஆயுதச் சக்கரத்தைத் திறந்து அம்பு செய்துகொள்ளலாம், அப்போது நேரம் மெதுவாக நகரும். அதனால் தீர்ந்துபோய் மாட்டிக்கொள்ளும் எரிச்சல் குறைகிறது, செலவு மட்டும் நிற்கிறது. ஆனால் பழைய செல்டாவில் ஒரு பொறி இருந்ததையும் சொல்ல வேண்டும். கடைசி எதிரியை வீழ்த்த வெள்ளி அம்பு கட்டாயம், பையில் ரூபி இல்லை என்றால் அதை எய்ய முடியாது. தீரக்கூடிய ஒன்றின்மேல் கேமின் முடிவைக் கட்டினால், அது கிடைக்க அந்த அறைக்குள்ளேயே ஒரு வழி வைத்துவிடுங்கள்.

எடை, விலை, குறிகாட்டி இல்லாமல் எய்ய வைப்பது போன்றவை துணைக் கருவிகள்தான். அம்புக்கு எடை வைப்பது உயிர்பிழைத்தல் பாணி கேமில் அழகு, மற்றவற்றில் பையில் எதை வைப்பது, எதை விடுவது என்ற தலைவலி. கிங்டம் கம்: டெலிவரன்ஸ் போலத் திரையில் குறியைக் காட்டும் புள்ளியை எடுத்துவிட்டால் விலை ஆட்டக்காரரின் கைப்பழக்கத்தில் போய்விடும். பழகியவருக்கு அது விலையே இல்லை.

அம்பை ஒவ்வொன்றாக எண்ணுவதே சரி என்று சொல்லக்கூடிய கேம்களும் உண்டு. நெட்ஹேக் மாதிரி, எய்த அம்பு உடைந்துபோகக்கூடிய, செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வகை. அங்கே கையில் 7 அம்பு என்பது ஒரு கதை. உங்கள் கேம் அந்த வகை என்றால் 20ஐக்கூடக் குறையுங்கள், ஆனால் ஓர் அம்பின் டேமேஜை அதற்கேற்ப ஏற்றுங்கள். நான்கு அம்பு தைத்தும் சாகாத எதிரியும், எண்ணி எண்ணிச் செலவழிக்கும் அம்பும் சேரவே சேராது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது அந்த வகை இல்லை என்றே படுகிறது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் எல்லா அம்பையும் தீராததாக்கி, விலையை முழுக்க எடுத்துவிட்டு ஆட வையுங்கள். வில்லாளி ஒரு குகையை முடிக்கும்போது இழந்த உயிரையும் வாள்காரர் இழந்த உயிரையும் பதிவு செய்யுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் எதிரி வேகம், நாண் இழுக்கும் நேரம், இழுத்தபடி நடக்கும் வேகம், அறைகளின் நீளம் இவற்றில் கை வையுங்கள். 30 மீட்டர் நேர்த்தாழ்வாரத்தை நடுவில் ஒரு திருப்பம் வைத்து இரண்டாக உடைத்தாலே நிறைய மாறும். அது ஓரளவு சமமான பிறகு ஸ்டாமினாவைச் சேருங்கள். அதற்கும் பிறகுதான் விசேஷ அம்புகள். அவற்றுக்கு ஒரே ஓர் எண்ணைப் பதிவு செய்தால் போதும்: ஓய்விடத்துக்குத் திரும்பும்போது கையில் எத்தனை மிச்சம். எப்போதும் முழுதாக மிச்சம் இருந்தால் அம்பின் பலத்தைக் கூட்டாதீர்கள், வரம்பைக் குறையுங்கள். எப்போதும் பூஜ்யமாக இருந்தால் வரம்பைக் கூட்டுவதற்கு முன், அந்த அம்பு இல்லாமல் கடக்கவே முடியாத அறை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.